எண்ணெயில் பிரிந்த அதிரசம்

எனக்கு வேலை பறிபோன வருடத்துத் தீபாவளி அது. கையில் நேரம் மட்டும்தான் மிச்சம், சரி, இந்த முறை அம்மா துணையில்லாமல் நானே அதிரசம் சுடுகிறேன் என்று இறங்கினேன். 1 கிலோ பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, தொட்டால் ஈரம் தெரிகிற பதத்தில் மிஷினில் அரைத்து வந்து, முக்கால் கிலோ வெல்லத்தில் பாகு வைத்துக் கிளறியதுவரை எல்லாம் ஒழுங்கு.

முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து கரைந்தே போனது. இரண்டாவதும் அப்படியே. மாவைக் கொட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது (அந்த மாதங்களில் எதைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றும்).

அம்மாவுக்கு போன் போட்டேன். "பாகைத் தண்ணியில விட்டு உருட்டிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. இளம்பாகிலேயே அவசரப்பட்டு இறக்கிவிட்டேன்.

"மிச்ச ஈரமாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைஞ்சு மூடி வச்சிட்டுப் போய்த் தூங்குடா."

இரண்டு கைப்பிடி சேர்த்தேன். மறுநாள் மாவு இறுகியிருந்தது. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, தீயைக் குறைத்துப் போட்டேன், உடையவில்லை. இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெய் வடித்தபோது ஒன்று ஓரத்தில் கருகியிருந்தது, அதையும் தின்றேன். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, 3 வாரமாகப் பாதியில் கிடந்த வேலை விண்ணப்பத்தைத் திறந்தேன்.