நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பகல் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

இரவு 10 முதல் காலை 6 வரை நடக்கும் ஷிஃப்டை வைத்துச் சொல்கிறோம். உங்கள் நேரம் வேறானால் மணியை முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள சிறு நரம்பணுக் கூட்டம்தான் உடம்பின் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்தே அது நேரம் வைக்கும். வருஷக்கணக்கில் நைட் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு அது முழுசாக மாறுவதில்லை. நைட் பார்ப்பவர்களுக்குச் சர்க்கரை நோய், இதய நோய், வயிற்றுப் புண் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இரவுப் பணியை 2ஏ பிரிவில், அதாவது அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வைத்திருக்கிறது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் பிரிவு அது. ஆபத்தின் அளவு அல்ல.

முதல் நைட்டுக்குப் போகும் நாளில் மாலை ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிடுவதை வீட்டிலேயே 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். நள்ளிரவில் இன்சுலின் பகலைப்போல வேலை செய்யாது. இரவு 2 மணிக்குத் தின்னும் அதே பரோட்டா சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும், நெஞ்செரிச்சலும் கொடுக்கும். பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ போதும்.

பலர் கோட்டை விடுவது டீயில். அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் காபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 4 மணிக்குக் குடித்த டீயின் பாதி 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். படுத்தால் தூக்கம் வரும், ஆழமாக இராது. 1 மணியோடு டீயை நிறுத்துங்கள். 3 மணிக்கு மேல் உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கி, கண் சொருகும். இடைவேளை கிடைத்தால் அதற்கு முன்பே 20 நிமிடம் கண்ணயருங்கள். அரை மணியைத் தாண்டினால் எழும்போது மந்தமாக இருக்கும்; அந்த நிலையில் மெஷினில் கை வைக்கக் கூடாது.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸானால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் கடிகாரம் விழித்துக்கொள்ளும். நீங்களே பைக் ஓட்டுவதானால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், வெளிச்சம் உங்களை விழிப்போடு வைக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் போயிருக்கும்.

இரண்டு இட்லி தின்றுவிட்டு 7.30-க்குள் படுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை 11 மணிக்குக் கொதிக்க ஆரம்பிக்கும். கீழ்த்தளம் இருந்தால் அங்கே போங்கள். ஜன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டுங்கள், திரையைவிட மலிவு. காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். சிலிண்டர்காரர் வருவதை வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். மதியமே விழித்துவிட்டால் புரண்டு கிடக்காமல் எழுந்து, மாலையில் மிச்சத்தைத் தூங்குங்கள். இரண்டும் சேர்ந்து 7 மணி நேரம் வர வேண்டும்.

ஷிஃப்ட் மாறினால் பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையில் கேளுங்கள். தலைகீழாகச் சுற்றுவதை உடம்பு தாங்குவது கடினம்.

வருஷம் ஒருமுறை ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்பு மூன்றையும் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் நேரத்தைத் தாங்களாக மாற்றக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் நைட்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம்.