கரையில் நின்றே பெரிய பைக் மீன் பிடிக்க

கனடாவின் ஒன்டாரியோவில், ஹியூரான் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடா பக்கம் காட்டேஜ் எடுத்திருக்கிறீர்கள், படகு இல்லை, பரவாயில்லை. ஆனால் ஜூலை வெயிலில் பெரிய பைக்கை (pike, கூரிய பல்லுள்ள நன்னீர் வேட்டை மீன்) எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் சூடானால் அது குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும், கரையோரம் பெரும்பாலும் சின்னதுகள்தான் மிஞ்சும். ஏரிப் பனி உருகியபின் வரும் வாரங்களில், முட்டையிட வந்த ஆழமில்லாத பாசிக் குடாக்களிலேயே பெரியவை கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டிருக்கும். இலையுதிர் காலத்தில் மறுபடி கரைக்கு வரும், அப்போது பாசி முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பைத் தேடுங்கள், பாறை முனையில் நின்று வீசினால் எட்டும்.

30 முதல் 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நூல், முனையில் கட்டாயம் ஸ்டீல் லீடர் என்ற சின்னக் கம்பித் துண்டு, இல்லாவிட்டால் பல் பட்டு அறுந்துவிடும். தூண்டிலுக்குப் பெரிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) ஒன்றே போதும் என்பேன். நூலைச் சுற்றி இழுப்பதை இடையிடையே நிறுத்துங்கள், ஸ்பூன் தடுமாறி இறங்கும்போதுதான் பல நேரம் கடிக்கும். பின்னாலேயே வந்து காலடியில் திரும்பிவிடும் பழக்கமும் உண்டு, அதனால் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள்.

அப்புறம், நீள மூக்குக் குறடும் பெரிய வலையும் இல்லாமல் போகவே வேண்டாம். கண்குழியில் விரல் விட்டுத் தூக்காதீர்கள், திரும்பத் தண்ணீரில் விடப்போகிற மீன் குருடாகிவிடும். லைசென்ஸ், அந்த மீன்பிடி மண்டலத்தில் பிடிக்கலாம் என்ற மீன் அளவு வரம்பு இரண்டையும் முன்பே பார்த்துவிடுங்கள்.