புது வேனில் ஒரு துளையும் போடாமல் கேம்பர்: மலைக்கு ஏற்ற எளிய முறை

வேனை உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பராக்கலாம் என்று முடிவு செய்ததும் பலர் முதலில் தேடுவது டிரில் மெஷினைத்தான். அது மரவேலைக்கு மட்டும் இருக்கட்டும். புது வண்டியின் தகட்டில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. மாருதி ஈகோ மாதிரி ஒரு சின்ன வேன், வார நாளில் வீட்டு வண்டி, சனி ஞாயிறில் இரண்டு பேர் படுக்கும் வண்டி என்று வைத்துக்கொண்டு இந்த முறையைச் சொல்கிறேன். உள்ளே வைப்பது எல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். இதுதான் முதல் விதி, மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவை.

துளை வேண்டாம் என்பதற்குக் காரணம் வாரண்டி மட்டுமல்ல. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வருடத்தில் பாதி நாள் காற்றே ஈரமாக இருக்கும். தகட்டில் பெயின்ட் உரிந்த இடம் எதுவோ, அங்கே துரு பிடிக்கும். சமவெளியில் பத்து வருடம் தாங்கும் ஒரு ஸ்க்ரூ ஓட்டை இங்கே சீக்கிரமே பழுப்பு நிறத்தில் வழியத் தொடங்கிவிடும்.

முதலில் ஆர்.சி. புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சீட்டை நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை வெட்டி உயர்த்துவது, அடுப்பும் சிங்கும் பதிப்பது எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் அதே கேள்வி எழும். முழு கேரவனாகவே வேண்டுமென்றால் அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி வாகனத் தரவிதி இருக்கிறது. அது தொழிற்சாலைக்காரர்கள் வேலை, நம் வேலை இல்லை. நாம் செய்வது கழற்றி மாட்டும் மரச்சாமான். எல்லாச் சீட்டும் அதனதன் இடத்தில் இருக்கட்டும்.

ஆர்.சி.யைக் கையில் எடுத்தபோதே இன்னொன்றையும் பாருங்கள்: காலி எடை, மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளவு எடுப்பது

ஈகோவின் வெளி நீளம் 3,675 மி.மீ., அகலம் 1,475 மி.மீ. அதாவது 12 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். உள்ளே கிடைப்பது இதைவிடக் கணிசமாகக் குறைவு. கம்பெனி கொடுத்த எண்ணை நம்பி மரம் வெட்டாதீர்கள். டேப்பை எடுத்து நீங்களே அளக்க வேண்டியவை: முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை நீளம் (பின்கதவை மூடிய பிறகு), இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம், நடுச்சீட்டை மடக்கினால் அது தரையிலிருந்து நிற்கும் உயரம்.

இந்தக் கடைசி அளவுதான் கட்டிலின் உயரத்தை முடிவு செய்கிறது. மடங்கிய சீட்டை ஒட்டி மேலே பலகை வரும்படி செய்தால் போதும், அதற்கு மேல் ஓர் அங்குலமும் உயர்த்த வேண்டாம். அடியில் சாமான் வைக்க இடம் கிடைக்குமே என்று ஆசாரி கட்டிலை உயர்த்தச் சொல்வார். கேட்காதீர்கள். மழை நாளில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டி வரும்போது, தலை கூரையில் இடித்தால் அந்தச் சாமான் இடத்தால் ஒரு பயனும் இல்லை.

நீளம் ஆறடிக்குக் குறைந்தால் குறுக்காகச் சாய்ந்து படுக்கலாம், அல்லது முன்சீட்டு முதுகை முன்னால் சாய்த்துப் பலகையின் தலைப்பக்கத்தை அதுவரை நீட்டலாம். ஐந்தே முக்கால் அடிக்கு மேற்பட்ட இரண்டு பேர் என்றால், உண்மையைச் சொல்கிறேன், சின்ன வேன் உங்களுக்குச் சரிப்படாது.

கட்டில்

12 மி.மீ. பி.டபிள்யூ.பி. தரப் (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட் வாங்குங்கள், பலகையில் ஐ.எஸ். 710 என்று அச்சிட்டிருக்கும். 8-க்கு 4 அடி ஷீட் ஒன்று சுமார் 23 கிலோ. 18 மி.மீ. என்றால் 35 கிலோவைத் தொடும். கடைக்காரர் "18 போடுங்க சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார். அடியில் சட்டம் சரியாக இருந்தால் 12 போதும். கோவை டவுன்ஹால் பக்கம் ஒரே நடையில் பிளைவுட், பியானோ கீல் (பலகை நீளத்துக்கும் வரும் நீளக் கீல்), போல்ட் நட் எல்லாம் வாங்கிவிடலாம். வெட்டுவதையும் கடையிலேயே முடித்துக்கொண்டால் ஏற்றிவர வசதி.

கட்டில் இரண்டு துண்டு. பின்துண்டு, நடுச்சீட்டுக்குப் பின்னால் லக்கேஜ் இடத்தில் உட்காரும் பெட்டி. மூன்று பக்கம் அடைப்பு, பின்கதவுப் பக்கம் திறப்பு. முன்துண்டு, பெட்டியின் மேல்பலகையோடு பியானோ கீலால் இணைந்த பலகை. பகலில் அது பெட்டியின் மேல் மடங்கிக் கிடக்கும். இரவில் நடுச்சீட்டை மடக்கிவிட்டு அதை முன்னால் விரித்தால் படுக்கை தயார். விரிந்த பலகையின் முன்னோரத்துக்கு இரண்டு மடக்குக் கால்கள் கட்டாயம் வேண்டும். முழு பாரத்தையும் சீட்டு நுரையின் மேல் போட்டால் சீட்டும் கெடும், பலகையும் ஆடும்.

சட்டத்துக்கு 2 அங்குல ரீப்பர் கட்டை போதும், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை வருமாறு வையுங்கள். ஆணி வேண்டாம், போல்ட்டும், மரத்துக்குள் பதியும் டி-நட்டும் போடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாயும்போது ஆணி மெதுவாகக் கழன்று கிறீச்சிட ஆரம்பிக்கும்.

அப்புறம், படுக்கும் பலகை முழுவதிலும் ஓர் அங்குல வட்டத் துளைகள், ஓர் அடிக்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள். டிரில் மெஷினுக்கு ஆசை தீர வேலை இங்கேதான். எதற்கு என்று அடுத்த பகுதியில் தெரியும். பலகையின் ஓரங்களிலும் துளைகளின் உள்பக்கத்திலும் வார்னிஷ் இரண்டு கோட் அடிக்க மறக்க வேண்டாம்.

ஈரம்

மலையில் வேனில் படுப்பவர்கள் குளிரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. தூக்கத்தைக் கெடுப்பது ஈரம்.

இரண்டு பேர் ஓர் இரவு மூடிய வண்டிக்குள் தூங்கினால், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது காற்றில் கலக்கும். அந்தச் சூடான ஈரக்காற்று கண்ணாடியிலும் தகட்டிலும் பட்டவுடன் துளியாகிவிடும். விடியற்காலையில் கண்ணாடி முழுக்க வழியும், கூரையிலிருந்து நெற்றியில் சொட்டும். மெத்தைக்கு அடியிலும் இதேதான் நடக்கிறது: உடம்பிலிருந்து வரும் ஈரம் நுரை வழியாகக் கீழே இறங்கிக் குளிர்ந்த பலகையில் நீராகிறது. அப்படியே விட்டால் சில வாரத்தில் பூஞ்சை. பலகையில் துளை போட்டது அதற்காகத்தான். துளைப் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கோரைப்பாய் விரித்தால் காற்று இன்னும் நன்றாக ஓடும்.

மெத்தைக்கு 3 அங்குலத்துக்குக் குறையாத, 40 டென்சிட்டி பி.யு. நுரையை மூன்று துண்டாக வெட்டி வாங்குங்கள். உறை பருத்தித் துணியாக இருக்கட்டும். ரெக்ஸின் உறை துடைக்க எளிது என்பார்கள், ஆனால் அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். வீடு திரும்பியதும் மூன்று துண்டையும் நிமிர்த்தி வெயிலில் வையுங்கள்.

கண்ணாடிக்கு: பழைய செய்தித்தாளை ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒட்டி அளவெடுத்து, 10 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. நுரை ஷீட்டில் அரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அந்தக் கூடுதல் அளவே அதைச் சட்டத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை. எது எந்தக் கண்ணாடிக்கு என்று பின்னால் மார்க்கரில் எழுதிவிடுங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது. குளிரையும் தடுக்கும், வெளியே இருப்பவர் பார்வையையும் தடுக்கும்.

கதவுத் தகட்டுக்கு உள்ளே தெர்மகோல், கண்ணாடிக் கம்பளி எதையும் திணிக்காதீர்கள். கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென்று கம்பெனியே சிறு துளைகள் விட்டிருக்கிறது. அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும்.

இதெல்லாம் செய்தாலும் காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் பயனில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். மழை உள்ளே வராமலிருக்க டோர் வைசர் (கண்ணாடிக்கு மேல் ஒட்டும் சிறு மறைப்பு), பூச்சிக்குக் கொசுவலைத் துணியும் காந்தமும். 'குளிருமே' என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினால் நனைந்த கம்பளிக்குள் விழிப்பீர்கள், அது அதைவிடக் குளிரும்.

மின்சாரம்

வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடாதீர்கள். அது ஸ்டார்ட் செய்வதற்கானது, இரவெல்லாம் விளக்கு எரித்துவிட்டுக் காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம்தான் வரும். 300 வாட்-அவர் அளவுள்ள ஒரு பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) போதும். கணக்கு எளிது: 5 வாட் எல்.இ.டி. நாலு மணி நேரம் எரிந்தால் 20, இரண்டு போன் சார்ஜ் 30, மற்றவை ஒரு 10. ஓர் இரவுக்கு 60 வாட்-அவர்தான் ஆகிறது. ஓட்டும்போது 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து அது நிரம்பிக்கொள்ளும், ஒரு ஒயரும் வெட்ட வேண்டாம். மின்கம்பளி ஆசை வந்தால் அதே கணக்கைப் போடுங்கள்: 50 வாட் எட்டு மணி நேரத்துக்கு 400, ஸ்டேஷனே பத்தாது. வெந்நீர்ப் பை ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும்.

பவர் ஸ்டேஷனில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகும் உறைபனிக் காலையில் அதைப் படுக்கைப் பக்கமே வைத்திருங்கள். சோலார் பேனல் வேண்டாம். தென்மேற்குப் பருவ மூட்டத்தில் அதற்குக் கொடுத்த பணம் வீண்.

அடுப்பு

சமையல் வெளியே, எப்போதும் வெளியே. பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வண்டியில் அதுவே கூரை ஆகிவிடுகிறது. பெட்டிக்குள் ஒரு தட்டை டெலஸ்கோப் சேனலில் (டிராயர் இழுக்கும் இரும்புத் தடம்) வைத்தால் இழுத்து அடுப்பை வைத்துக்கொள்ளலாம். பியூட்டேன் கேன் அடுப்பு கையடக்கமானது, ஆனால் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில் கொதிக்கும் திரவம். அதற்குப் பக்கத்தில் வெப்பம் இறங்கினால் கேனில் வாயு சரியாக எழும்பாது, சுடர் சுருங்கிவிடும். பற்றவைக்கும் முன் கேனை ஸ்வெட்டருக்குள் சிறிது நேரம் வைத்திருங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்கவே கூடாது. ஈகோவுக்கு இன்ஜின் முன்சீட்டின் அடியில் இருக்கிறது, அந்தப் பக்கம் கேனை வைக்க வேண்டாம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் வேகாமல் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள்.

குளிருக்காக அடுப்பையோ கரித்தணலையோ உள்ளே வைத்துத் தூங்குவது மரணம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலையில் கூடாரத்திலும் விடுதி அறையிலும் இப்படிப் போன உயிர்களைச் செய்தியில் படித்திருப்பீர்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கை மட்டத்தில் வைத்துவிடுங்கள்.

எடையும் கட்டும்

பிளைவுட் ஒன்றரை ஷீட் 35 கிலோ, சட்டமும் கீலும் 10, மெத்தை 8, தண்ணீர் 20, அடுப்பு, பாத்திரம், பவர் ஸ்டேஷன் எல்லாம் 20 என்றால் நூறைத் தொடுகிறது. ஆர்.சி.யிலிருந்து எழுதி வைத்த எண்ணோடு ஆட்களையும் சேர்த்துச் சரிபாருங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் பெட்ரோல் இன்ஜின் ஊட்டியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கூடுதல் கிலோ ஒவ்வொன்றும் ஏற்றத்தில் தெரியும், இறக்கத்தில் பிரேக்கில் தெரியும்.

பெட்டியை ராட்செட் பட்டையால் (பிடியை அசைத்து இறுக்கும் பட்டை) சீட்டின் இரும்புக் கால்களோடு நான்கு மூலையிலும் கட்டுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் தரைமட்டத்தில், முன்னால் நழுவாமல் இருக்கட்டும். திடீர் பிரேக்கில் முதலில் பறந்து வருவது அதுதான்.

எங்கே நிறுத்துவது

காட்டு ஓரத்தில், வியூ பாயின்ட்டில் தனியாக நிறுத்தித் தூங்கும் படங்களை நம்ப வேண்டாம். ஒதுக்குக்காட்டில் தங்க அனுமதியில்லை. சட்டத்தை விடுங்கள், கோத்தகிரியில் கரடி கடை வாசல்வரை வரும், குன்னூரிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை தெருவில் நடக்கும். ஹோம்ஸ்டே அல்லது எஸ்டேட் வளாகத்தில் கேட்டு, கழிப்பறையோடு சேர்த்து ஒரு தொகை பேசிக்கொள்வதே சரி. அங்கேயும் சாப்பாட்டை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், குப்பைப் பையை வெளியே தொங்கவிடாதீர்கள்.

மண் வெட்டிய சரிவுக்குக் கீழேயும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்துக்கு அடியிலும் நிறுத்தாதீர்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பெய்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தையும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தையும் தவிர்ப்பது நல்லது. நிறுத்தும் இடம் சாய்வாக இருந்தால் தலை மேட்டுப் பக்கம் வருமாறு வண்டியைத் திருப்புங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு மரக்கட்டை மூன்றும் வேண்டும்.

வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் இருக்கிறது, கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். மேட்டுப்பாளையம் வந்ததும் ஓரம்கட்டி, ராட்செட் பட்டைகள் தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே ஓட்டுங்கள்.