மலை ஊரில் சில்லி சீஸ் ஃப்ரைஸ்: முறுமுறுப்பு போகாமல் செய்யும் முறை

விரல் விரலாகப் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சில்லி என்கிற கறிக் குழம்பையும் சீஸ் சாஸையும் ஊற்றினால் அதுதான் சில்லி சீஸ் ஃப்ரைஸ். இணையத்தில் கிடைக்கிற அதன் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளி அடுப்பை மனதில் வைத்து எழுதியவை. ஊட்டியிலோ குன்னூரிலோ அதை அப்படியே செய்தால் கிழங்கு வெளியே சிவந்து உள்ளே வேகாமல் நிற்கும், ராஜ்மா எவ்வளவு நேரம் கொதித்தாலும் கடுக்கென்று இருக்கும், சீஸ் மேசைக்கு வருவதற்குள் உறைந்துவிடும். காரணம் உயரம்தான். 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அதனால் கீழே சொல்கிற நேரமும் சூடும் நம் ஊருக்கு ஏற்றவை. அளவு நாலு பேருக்கு.

வேலையை சில்லியில் தொடங்குங்கள், முடிந்தால் முந்தின நாளே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மாட்டுக்கறிக் குழம்பு இது, 1977-ல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டார்கள். அங்கே பிடிவாதக்காரர்கள் அதில் பயறு போடவே மாட்டார்கள். நாம் போடலாம், ஃப்ரைஸ் மேல் ஊற்றும்போது ராஜ்மா இருந்தால் வாய்க்கு நன்றாகவே இருக்கிறது. முக்கால் கப் சிவப்பு ராஜ்மாவை ராத்திரியே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள், மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் அது சரியாக ஊறாது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவையுங்கள். திறந்த பாத்திரத்தில் வேகவைக்கவே வேண்டாம். அரைவேக்காட்டு சிவப்பு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும், அதில் இருக்கிற நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், நம் ஊர்க் கொதி அதற்குப் போதும் என்று நம்பி இருக்க முடியாது. சமவெளியில் நாலு விசில் என்றால் இங்கே ஆறு, ஏழு விடுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் தோலோடு மசிய வேண்டும், அதுதான் பதம்.

ஆறு காஷ்மீரி மிளகாயை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை மட்டும் வாட்டி (கருகினால் முழுச் சட்டியும் கசக்கும்), வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீர் கொஞ்சம் விட்டு மைய அரைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் மிளகாய்த்தூளும் ஆகும்தான், ஆனால் இந்த விழுதில் வருகிற நிறமும் கனமும் தூளில் வராது. காரம் பத்தாது என்கிறவர்கள் இரண்டு குண்டூர் மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம்.

அடிகனமான சட்டியில் எண்ணெய் ஊற்றி, 400 கிராம் கொத்துக்கறியைப் பரப்பிப் போடுங்கள். மாடு என்றால் அசல் ருசி, ஆடும் நன்றாக இருக்கும். போட்டதும் கிண்டக்கூடாது. அடியில் பிடித்துச் சிவந்து, கறி விட்ட தண்ணீர் வற்றி, சத்தம் சளசளவிலிருந்து சடசடவென்று மாறும், அதுவரை பொறுத்திருங்கள். அப்புறம் பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், தட்டிய பூண்டு எட்டுப் பல், மலைப்பூண்டு என்றால் ஐந்தே போதும். வெங்காயம் வதங்கியதும் வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு டீஸ்பூன், மல்லித்தூள் ஒன்று, பீட்சாவோடு வருகிற ஓரிகானோ பாக்கெட் இரண்டு, மிளகாய் விழுது, அரைத்த தக்காளி மூன்று. சீரகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், இந்தக் குழம்பின் வாசமே அதுதான். கரம் மசாலா பக்கம் மட்டும் போகாதீர்கள். பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் விழுந்த நிமிடமே அது கைமா மசாலா ஆகிவிடும், சப்பாத்திக்குத்தான் லாயக்கு. ஊட்டியில் தெருவுக்குத் தெரு விற்கிற சாக்லேட்டில் இனிப்புக் குறைந்த கருப்புச் சாக்லேட்டாகப் பார்த்து, முந்திரி திராட்சை இல்லாத ஒரு சின்னத் துண்டைக் கடைசியில் போடுங்கள். இனிப்பு தெரியாது, தக்காளிப் புளிப்பு அடங்கி ஒரு ஆழம் வரும்.

வெந்த ராஜ்மாவைச் சேர்த்து, ஒரு கரண்டி ராஜ்மாவை அங்கேயே மசித்துவிட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் உடனே ஓடி வந்து சேரக்கூடாது, அடி இரண்டு மூன்று நொடியாவது தெரிய வேண்டும். தண்ணீராக இருக்கிற சில்லியை ஊற்றினால் எவ்வளவு நல்ல ஃப்ரைஸும் இரண்டே நிமிடத்தில் நமத்துப்போகும். கறி வேண்டாம் என்றால் ராஜ்மாவை இரட்டிப்பாக்கி, பொடியாக நறுக்கிய காளானை நன்றாகச் சிவக்க வறுத்துச் சேருங்கள். சீசனில் கிடைக்கிற ஊட்டி பட்டர் பீன்ஸ் இதற்கு அருமை, ஊறப்போடும் வேலையும் இல்லை.

இனி உருளைக்கிழங்கு. கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் கொண்டுவந்து பயிரிட்ட நாளிலிருந்து நீலகிரியின் பயிர் இது, ஊட்டி பக்கத்து முத்தோரையில் இதற்கென்றே 1957 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் நேற்றுத் தோட்டத்தில் எடுத்த புதுக்கிழங்கு பொரியலுக்கும் குருமாவுக்கும்தான், ஃப்ரைஸுக்கு ஆகாது. கட்டை விரலால் தேய்த்தால் தோல் சுருண்டு உரிந்து, உள்ளே ஈரம் பளபளக்கிறதா, அது வேண்டாம். தண்ணீர் அதிகம், மாவு குறைவு. தோல் முற்றி, தேய்த்தாலும் அசையாத, கையில் கனக்கிற கிழங்காக ஒரு கிலோ எடுங்கள், நீளமாக இருந்தால் நல்லது. காய்கறிக்கடையில் ரகம் சொல்லி யார் விற்கிறார்கள், அதனால் சந்தேகம் இருந்தால் பதினோரு கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்து கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் மாவுக்கிழங்கு, மிதந்தால் குழம்புக்கு. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்; குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கருத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற ஊர்களில் வெளிக் கொட்டகையில் மூட்டை கிடந்தாலும் இதே கதைதான், சமையலறை மூலையில் இருட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சை ஓடின இடத்தை ஆழமாகச் சீவித் தள்ளிவிடுங்கள்.

விரல் கனத்துக்கு, அதாவது ஒரு செண்டிமீட்டர் சதுரத்துக்கு நறுக்கி, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் உப்பும் இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகரும் விட்டு வேகவையுங்கள். வினிகர் இருந்தால் கிழங்கு வெந்தாலும் விளிம்பு கரையாது, உடையாது. சமவெளிக் குறிப்பில் எட்டு, பத்து நிமிடம் என்றிருக்கும், இங்கே பதினான்கு வரை ஆகலாம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். வடித்து, துணியில் பரப்பி, முழுக்கக் காயவிடுங்கள். மழை நாளில் இங்கே எதுவும் காயாது, மின்விசிறியும் பல வீடுகளில் இருக்காது. அப்போது தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் திறந்தபடி வைத்தால் ஈரம் போய்விடும். வெந்த கிழங்குக்கு அந்தக் கொஞ்ச நேரக் குளிர் ஒன்றும் செய்யாது.

பொரிப்பது இரண்டு தடவை. உயரத்தில் கிழங்கின் ஈரம் சீக்கிரம் கொதித்து வெளியேறுவதால், சமவெளியில் சொல்கிற சூட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை 150 டிகிரி, ஐந்து நிமிடம், நிறம் மாறவே கூடாது, மேல்தோல் மட்டும் இறுகினால் போதும். எடுத்து நன்றாக ஆறவிட்டு, பரிமாறப் போகும்போது 175 டிகிரியில் மூன்று, நாலு நிமிடம், பொன்னிறம் வரும் வரை. வெப்பமானி இல்லையென்றால் ஒரு பிரெட் துண்டைப் போடுங்கள், ஒரு நிமிடம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சிவந்தால் இரண்டாவது தடவைக்கான சூடு வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சட்டியை நிரப்பினால் எண்ணெய் ஆறி கிழங்கு குடித்துவிடும். எடுத்ததும் கம்பி வலையில் போட்டு உப்புத் தூவுங்கள். பேப்பரில் குவித்தால் தன் ஆவியிலேயே நமத்துப்போகும்.

இரண்டாவது பொரிப்புக்கு எண்ணெய் காயும் நேரத்தில் சீஸ் சாஸை முடித்துவிடலாம். இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, ஒன்றரை கப் சூடான பாலைக் கட்டியில்லாமல் கலந்து, கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் சீஸ்: துருவிய செடார் 150 கிராம், கூடவே சாதாரண பதப்படுத்திய சீஸ் கட்டி இரண்டு. இந்தக் கட்டியை மட்டமாக நினைக்க வேண்டாம், அதில் இருக்கிற உப்புகள்தான் செடாரின் கொழுப்பு பிரியாமல் பிடித்துவைக்கின்றன. கொடைக்கானலில் செய்கிற செடார் கிடைத்தால் விடாதீர்கள். மொசரெல்லா வேண்டாம், குளிர்ந்தால் ரப்பராகிவிடும்.

மலைக் குளிரில் பீங்கான் தட்டில் பரிமாறினால் நாலாவது வாயிலேயே சாஸ் கெட்டிப்பட்டுவிடும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி, பலகை மேல் வைத்து, அதில் ஃப்ரைஸைக் குவியலாக இல்லாமல் பரப்புங்கள். முதலில் கொஞ்சம் சீஸ் சாஸ், அதன் மேல் சில்லி, மறுபடி சாஸ். கிழங்கின் மேல் படிந்த சாஸ் சில்லியின் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும். ஓரத்துக் கிழங்குகளை வெறுமையாகவே விடுங்கள், தொட்டுச் சாப்பிட. மேலே பொடி வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, வேண்டுமானால் கெட்டித் தயிர் ஒரு கரண்டி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த பிறகே ஊற்றுங்கள். மிஞ்சுகிற சில்லி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், பன்னுக்குள் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் பள்ளிக்கே கொண்டுபோவார்கள்.