ஹார்டு டிஸ்க் போய்விட்டதா? கை வைப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவன், கிருஷ்ணகிரியில் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு லேப்டாப்போடு வந்தான். ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, அப்புறம் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று கருப்புத் திரையில் நின்றுவிடுகிறது. கீபோர்டுக்குக் கீழே, உள்ளங்கை படும் இடத்தில் காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக், டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக், டிக், டிக்.

“எத்தனை தடவைப்பா ஆன் பண்ணிப் பாத்தே?”

“நேத்து ராத்திரியில இருந்து முப்பது நாப்பது தடவை இருக்கும்ண்ணா. ஒரே ஒரு வாட்டி விண்டோஸ் வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணா நல்லா ஆயிரும்னு பண்ணேன். அப்புறம் வரவே இல்ல.”

உள்ளே அவன் அப்பாவின் மாங்காய் மண்டிக் கணக்கு, மூன்று வருடத்துக்கு. விண்டோஸ் வந்த அந்த ஒரு வாட்டியில் கணக்கை மட்டும் பென் டிரைவில் எடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. டிஸ்க் கெட்டதால் இழந்தவர்களைவிட, கெட்ட பிறகு அவசரத்தில் ஏதோ செய்து இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்குள் வட்டத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கும் ஹெட் மிதக்கிறது. டிக் டிக் என்ற சத்தம் வந்தால் பெரும்பாலும் அந்த ஹெட்டுக்கு அடி. ஹெட் தட்டில் உரச ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தகவல் இருக்கும் பூச்சையே சுரண்டி எடுத்துவிடும். அதனால் சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால், யாரும் முயற்சி செய்து பார்ப்பதற்கு முன்பே, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்புக் கூடத்துக்கு அனுப்புங்கள். பெங்களூரு நமக்குப் பக்கம்தான். டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்ப்பது, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைப்பது இரண்டுமே வேண்டாம். குளிரில் இருந்து வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். மிச்சமிருந்த வாய்ப்பும் அதோடு போய்விடும்.

சத்தம் இல்லை, ஆனால் படு மெதுவாக இருக்கிறது, அடிக்கடி உறைந்து நிற்கிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இங்கேதான் பலரும் ‘செக் டிஸ்க்’ ஓட்டுகிறார்கள். அது டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி. சாகப் போகும் டிஸ்க்கில் முழு ஸ்கேன் ஓட்டினால், மணிக்கணக்கில் டிஸ்க்கைப் பிழிந்து, நல்ல நிலையில் இருக்கும் கோப்புகளையும் கலைத்துவிடக்கூடும். முதலில் நகல், அப்புறம்தான் சோதனை. டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா யூஎஸ்பி கேபிளில் (டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள்) வேறு கம்ப்யூட்டரோடு இணைத்து, முக்கியமான ஃபோல்டரில் இருந்து ஆரம்பியுங்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், கெட்ட டிஸ்க்கில் இருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் அது திரும்பி வரும்.

நகல் எடுத்தாகிவிட்டதா? இப்போது, போனது டிஸ்க்தானா என்று பாருங்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங் திரையில், டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால் கனெக்டரோ ரிப்பன் கேபிளோ லூஸாகி இருக்கலாம். தினமும் பைக்கில் பையோடு குலுங்கும் லேப்டாப்புகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கேபிளை எடுத்து அழுத்தி மாட்டினாலே எழுந்துவிடும். பெயர் தெரிகிறது என்றால், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘பெண்டிங் செக்டர்’ (படிக்கச் சிரமப்படும் இடங்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

பாலக்கோட்டில் இருந்து வந்த ஒரு டீச்சர் அக்காவின் லேப்டாப்பில் வேறு சிக்கல். டிஸ்க் ஓரளவு படிக்கிறது, ஆனால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கிறது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படும், சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அக்காவுக்கு அந்தக் கணக்கு என்னவென்றே தெரியாது. லேப்டாப் வாங்கிய கடையில் அவர்களே ஒரு மெயில் உருவாக்கி, பாஸ்வேர்டு போட்டு, கையில் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரரைப் பிடித்து, பழைய ஃபோன் எண்ணைத் தேடி, இரண்டு நாள் கழித்துத்தான் சாவி கிடைத்தது. உங்கள் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கே, அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

புது டிஸ்க் வாங்கும்போது நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு, லேப்டாப்பைத் திறந்து பார்க்காமலே பெங்களூரில் கம்ப்யூட்டர் பொருள் விற்கும் எஸ்பி ரோட்டுக்குப் பஸ் ஏறிவிடுவது. எம்.2 என்ற பட்டை வடிவ டிஸ்க்கை வாங்கி வருவார்கள். வந்து பார்த்தால் லேப்டாப்பில் அந்த ஸ்லாட்டே இருக்காது, அல்லது சாட்டா வகை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டுக்கு என்விஎம்இ என்ற வேறு வகையை வாங்கியிருப்பார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி பபுள் கம் பட்டை போலத்தான் இருக்கும். முதலில் அடிமூடியைக் கழற்றி, பழைய டிஸ்க்கின் லேபிளையும் ஸ்லாட்டையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 2.5 அங்குல டிஸ்க் என்றால் அதே அளவு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போதும். சந்தை விலையைவிடப் பாதிக்கும் கீழே 2 டெராபைட் கிடைக்கிறதென்றால் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் நிறைய ஓடுகின்றன.

கழற்றும்போது சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, உள்ளே பேட்டரி கனெக்டரையும் எடுத்துவிடுங்கள். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் திருகினால் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். பழைய டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் தகடும் புதியதற்கு வேண்டும், எறிந்துவிடாதீர்கள்.

இனி விண்டோஸ் போடும் வேலை. இதில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது. பல வருடம் முன்பு, அரூரில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரின் லேப்டாப். படங்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் பத்திரமாக எடுத்துவிட்டேன். அந்த வெளி டிஸ்க்கைப் பிடுங்காமலே இன்ஸ்டால் ஆரம்பித்தேன். இரண்டும் 500 ஜிபி. பட்டியலில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் தெரிந்தது. தவறானதை அழித்து, அதில் புதுப் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட்டும் அடித்துவிட்டேன். விஷயம் புரிந்ததும் நிறுத்தி, மீட்பு மென்பொருள் ஓட்டி, முக்கால்வாசி எடுத்தேன். ஒரு குடும்பத்தின் முகூர்த்தப் படங்கள் மட்டும் வரவே இல்லை. அன்றிலிருந்து, புது டிஸ்க்கையும் இன்ஸ்டால் பென் டிரைவையும் தவிர லேப்டாப்பில் வேறு எதுவும் இருக்க விடமாட்டேன்.

அந்தப் பென் டிரைவை மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து நீங்களே தயாரியுங்கள். 8 ஜிபி போதும், அதில் ஏற்கனவே இருப்பது அழியும். கை மாறி கை மாறி வரும், லைசென்ஸை ஏமாற்றும் கிராக் சேர்த்த ‘ரெடி ஆக்டிவேட்’ பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். அந்தக் கிராக்குகள் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதே லேப்டாப்பில்தான் நாளைக்கு பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போகிறீர்கள். டிஸ்க் மாற்றினால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து, பணம் கொடுத்து மறுபடி வாங்குகிறவர்களும் உண்டு. விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. முன்பு ஹோம் இருந்தால் ஹோம், புரோ இருந்தால் புரோ என்று அதே பதிப்பைப் போட்டு, நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் புது டிஸ்க் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளுக்கு, டிஸ்க்கை அடையாளம் காண உதவும் விஎம்டி டிரைவர் என்ற மென்பொருளைத் தனியாகப் பென் டிரைவில் இருந்து ஏற்றினால்தான் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும். வைஃபை டிரைவர் இல்லாமல் பாதியில் நின்றால் ஃபோனை யூஎஸ்பியில் இணைத்து நெட் கொடுங்கள். கரன்ட் போகும் நேரம் என்றால், கையோடு பயாஸ் அப்டேட்டையும் முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். பாதியில் நின்ற விண்டோஸை மறுபடி போடலாம், பாதியில் நின்ற பயாஸ் போர்டையே எடுத்துவிடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 2011 முதல் பள்ளி, கல்லூரிகளில் அரசு கொடுத்த லேப்டாப்புகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் 11ஐக் குறுக்கு வழியில் திணிப்பதைவிட, ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பாருங்கள். தமிழ் தட்டச்சும் வரும், பாடம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும்.

கடைசியாக, பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆதார் நகல், பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் படம் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கடையில் அதை ஒரு கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, லேப்டாப்போடு கையில் கொடுத்துவிடுவோம். அந்தக் காவேரிப்பட்டினத்துத் தம்பியின் டிஸ்க் அப்படியே கவரில் ஏறி பெங்களூருக்குப் போனது. மூன்று வருடக் கணக்கில் ஒரு வருடக் கணக்கு திரும்பி வந்தது.