தேய்ந்த முன் டயரைப் பின்னால் தள்ளுவதற்கு முன்

ஜூன் மாதத்து முதல் மழையில், கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் போகும் வழியில் ரப்பர் தோட்டத்து வளைவு ஒன்றில் அத்தானின் கார் வால் வீசியது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. சாலையில் நனைந்த சருகும் சேறும் ஒட்டிக் கிடந்தன. ஸ்டீயரிங்கை ஒடித்ததும் முன்பக்கம் சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் மட்டும் தன் போக்கில் சறுக்கிக்கொண்டு போனது. ஓரத்து மண்மேட்டில் பம்பர் இடித்து வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. "நான்கு நாளைக்கு முன்புதானே டயரை மாற்றிப் போட்டேன்!" என்று அத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வினை பிடித்ததே அங்கேதான்.

வாங்கி 24,000 கிலோமீட்டர் ஓடும்வரை அந்த வண்டியின் டயர்களை யாரும் இடம் மாற்றவில்லை. முன் டயர் இரண்டும் மொட்டையாகிக்கொண்டு வந்தபோது ஒரு கடையில், "பின் டயர் புதுசு போல இருக்கிறதே, முன்னால் போட்டுவிடலாம்" என்றார்கள். காசு மிச்சம் என்று அத்தானும் தலையாட்டினார். முன்னால் இருந்த, வரிப்பள்ளம் 2 மி.மீ. ஆழமே மிஞ்சிய டயர்கள் பின்னால் போயின, பின்னால் இருந்த 6 மி.மீ. டயர்கள் முன்னால் வந்தன.

நம் பக்கம் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால்தான். காலி வண்டியில் சுமார் 60 சதவீத எடையை முன்சக்கரங்கள் சுமக்கின்றன. வண்டியை இழுப்பதும் திருப்புவதும் அவைதான். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு பாரமும் அவற்றின்மேல்தான் சாய்கிறது. பின்சக்கரங்கள் கூடவே உருண்டு வருகின்றன, அவ்வளவுதான். மார்த்தாண்டம் சந்தை நெரிசலும் பேச்சிப்பாறை வளைவுகளும் சேர்ந்தால் முன் டயர் வேகமாகத் தேய்வதில் ஆச்சரியமில்லை. இதைச் சமன்செய்யத்தான் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் செய்தால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒன்று, ஒன்றரை மி.மீ.யைத் தாண்டாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். வருஷக்கணக்கில் விட்டுவிட்டு, ஒரு ஜோடி மொட்டையான பிறகு அதே வேலையைச் செய்வதுதான் தவறு.

ஏன் தவறு என்றால், ஈரச் சாலையில் டயரின் வரிப்பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பள்ளம் ஆழமில்லாவிட்டால் டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும். முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மெல்லப் பிடி திரும்பும். பின் டயர் பிடி விட்டால் வண்டி சுழலும். காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் பாரம் முன்னால் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகிச் சுழற்சி கூடும். அந்த நொடியில் அதை அடக்கும் பயிற்சி நம்மில் பலருக்கு இல்லை, எனக்கும் இல்லை. அதனால்தான் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், இழுப்பது முன்சக்கரமாக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்கிறார்கள். 'இழுக்கிற சக்கரத்துக்குத்தானே நல்ல டயர் வேண்டும்' என்ற வாதம் காய்ந்த சாலையில் எடுபடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில் எடுபடாது.

அப்படியானால் மொட்டை டயர் முன்னாலேயே இருக்கட்டுமா? அதுவும் கூடாது. சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. வரிப்பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த மேடு மேல்மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னைக் கேட்டால், மழைக்காலத்தில் 3 மி.மீ.க்குக் கீழே வந்ததுமே டயரை மாற்றிவிடுவேன்.

அளக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பள்ளத்துக்குள் செங்குத்தாக நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அழுத்திக் குறித்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று ஒவ்வொரு டயரிலும் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். உள்விளிம்பு நின்றபடி பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். டயருக்குப் பால் வெட்டிக் கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாம். டயரைக் குனிந்து பார்க்க மட்டும் நமக்கு நேரமிருப்பதில்லை.

அத்தான் வண்டியில் முன்னாலிருந்து பின்னால் போயிருந்த இடது டயரை அளந்தபோதுதான் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. வெளிவிளிம்பில் 3 மி.மீ., நடுவில் 2, உள்விளிம்பில் பள்ளமே இல்லை. ஓடிய தூரத்தால் மட்டும் இப்படித் தேயாது. தேய்மானம் ஒரு நோய்க்குறி. டயரை இடம் மாற்றினால் குறி பின்பக்கம் போய்விடும், நோய் முன்னாலேயே இருக்கும். புதிதாக முன்னால் வந்த நல்ல டயரையும் அது தின்னத் தொடங்கும்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓடிய வண்டி. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு விளிம்பு மட்டும் போயிருந்தால் சக்கரத்தின் கோணம் தவறியிருக்கிறது. இனி உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கமாகத் தடவுங்கள், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் உறைத்தால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கிற கோணம், கெட்டிருக்கிறது. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களில் அலைன்மென்ட் என்ற பெயரில் திருகிச் சரிசெய்ய முடிவது முன்சக்கரத்தின் டோ மட்டும்தான். கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிற கோணம், மாறியிருந்தால் எங்கோ ஒரு உறுப்பு வளைந்திருக்கிறது, அல்லது புஷ்ஷோ ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கிறது. 'எல்லாம் பச்சை காட்டுகிறது' என்று கணினித் திரையைக் காட்டினால், சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவையும் கேட்டு வாங்குங்கள்.

ரம்பப் பல் விழுந்த டயரைப் பின்னால் போட்டால் இன்னொரு செலவு காத்திருக்கிறது. வேகம் எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு இரைச்சல் வரும். அதைக் கேட்டுச் சக்கரத்தின் பேரிங் போய்விட்டது என்று நினைத்து, நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்விளிம்பு தேய்ந்த டயரை இடதிலிருந்து வலதுக்கு மாற்றினால் தேய்மானம் சமமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டயரை ரிம்மோடு தூக்கி மறுபக்கம் வைத்தால் சுழலும் திசைதான் மாறும், உள்விளிம்பு உள்விளிம்பாகவேதான் இருக்கும். உள்ளதை வெளியே கொண்டுவர வேண்டுமானால் டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரைத் திருப்பி மாட்டினால் பக்கத்தையும் மாற்றியாக வேண்டும். 'வெளிப்பக்கம்' என்று குறித்த டயரில் அதைச் செய்யவே கூடாது. அத்தானின் டயரைப் போல விளிம்பு ஏற்கெனவே மொட்டையானதற்கு அது வைத்தியமும் இல்லை.

இரண்டுங்கெட்டான் நிலை ஒன்று உண்டு: முன்னால் 4, பின்னால் 6, தேய்மானம் சீராக இருக்கிறது. இதற்கு ஒரே விடை கிடையாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த மாதங்கள் என்றால் நான் மாற்றிப் போடுவேன். மழைக்குள் வித்தியாசம் ஓரளவு குறைந்துவிடும். மே கடைசியில் என்றால் தொட மாட்டேன். முன் டயரை 3 மி.மீ. வரை ஓட்டிவிட்டு இரண்டு புதிது வாங்குவேன். ஒன்று மட்டும் வாங்குவது கூடாது. முன் அச்சில் இடதும் வலதும் வெவ்வேறு தேய்மானத்தில் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியலுக்கு நேர்ச்சாலையில்கூட ஓய்வு கிடைக்காது.

மாற்றும் முறை எளிது. முன் டயர்கள் அதே பக்கம் நேராகப் பின்னால் போகும். பின் டயர்கள் பக்கம் மாறி முன்னால் வரும். அம்புக்குறி டயர் என்றால் ரிம்மோடு பக்கம் மாறக் கூடாது. இப்போதைய கார்களில் வரும் ரேடியல் டயரைக் குறுக்கே மாற்றவே கூடாது என்பது பழைய காலத்துப் பேச்சு. ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது பல வண்டிகளில் சிறிய ஸ்டெப்னி வருகிறது. அது கடை வரை போய்ச் சேர மட்டும்தான்.

அத்தான் கடைசியில் இரண்டு புதிய டயர்கள் வாங்கிப் பின்னால் போட்டார். 6 மி.மீ. டயர்கள் முன்னாலேயே இருந்தன. டோ சரிசெய்யப்பட்டது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகக் காற்றளவு வைத்தோம்; டயர் இடம் மாறினால் காற்று தானாக மாறாது, இதைக் கடைகளில் அடிக்கடி மறக்கிறார்கள். நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக முறுக்கச் சொன்னேன். மறுநாள் அவர் மார்த்தாண்டம் போய்த் திரும்பியதும் ஸ்பேனரை எடுத்து நானே மறுபடி முறுக்கிப் பார்த்தேன். வலது முன்சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.