‘கெட்டிக் குழம்பு வெடிக்கும்’ என்று எழுதி நிறுத்தாதீர்கள்

தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பள்ளிக் கண்காட்சிகளில் களிமண் எரிமலை இல்லாத ஆண்டில்லை. ஆப்பசோடாவும் வினிகரும் சேர்ந்து நுரை நன்றாக வழிகிறது. ஒரு மலை ஏன் வெடிக்கிறது, இன்னொன்று ஏன் வழிகிறது என்று கேட்டால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எரிமலையை விளக்கும்போது வழக்கமாக நேரும் தவறுகள் இவை.

வாயுவை மறப்பது

பெரிய தவறு இதுதான். “குழம்பின் பாகுநிலை (கெட்டித்தன்மை) அதிகம், அதனால் வெடிக்கும்” என்பது அரை விடை. வெடிக்க வைப்பது வாயு. கெட்டித்தன்மை அதைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தில் நீராவியும் கரியமில வாயுவும் மாக்மாவில் (பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பில்) கரைந்து கிடக்கும், மூடிய கோலி சோடாவில் கிடப்பதுபோல. மாக்மா மேலேறினால் அழுத்தம் குறைந்து குமிழி கிளம்பும். ஹவாய் எரிமலைகளின் பசால்ட் என்னும் இளகிய குழம்பில் அது எளிதாக வெளியேறிவிடும். ரயோலைட் என்னும் கெட்டியான குழம்பில் எடையில் 4 முதல் 6 சதவீதம் நீர் இருக்கலாம். குமிழி நகர வழியின்றி உப்பி, குழம்பையே சாம்பலாக நொறுக்கும். ரசம் கொதித்தால் சலசலக்கும், களி கொதித்தால் கையில் தெறிக்கும்.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வடபக்கம் சரிந்து வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். 2004 முதல் 2008 வரை அதே மலையில் டேசைட் என்னும் அதே கெட்டி வகைக் குழம்பு, முறுக்கு அச்சில் மாவு பிதுங்குவதுபோல மெல்ல வெளிவந்து குவிமாடமானது. வாயு பெரும்பாலும் முன்பே கசிந்துவிட்டிருந்தது. கெட்டித்தன்மையை மட்டும் சொன்னால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது?

செய்து காட்ட: 200 கிராம் வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் இளம்பாகாகக் காய்ச்சுங்கள். முற்றிவிட்டால் ஆறியதும் இறுகிப்போய் ஊத வராது. முழுக்க ஆறிய பிறகே ஸ்ட்ராவால் ஊதச் சொல்லுங்கள், சூடான பாகு வாயைச் சுட்டுவிடும். பக்கத்துத் தம்ளரில் வெறும் தண்ணீர். தண்ணீரில் குமிழி வந்ததும் உடையும். பாகில் மெல்ல ஏறி, உப்பி, பட்டென்று உடையும்.

சிலிக்காவை மணல் என்று நினைப்பது

மாக்மாவைக் கெட்டியாக்குவது அதிலுள்ள சிலிக்கா. காவிரி மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதுவும் சிலிக்காதான். அதற்காக மாக்மாவில் மணல் மிதப்பதில்லை. சிலிக்கானும் ஆக்சிஜனும் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன; சங்கிலி நீள நீள ஓட்டம் தடைபடும். பசால்ட்டில் சிலிக்கா 45–52 சதவீதம், ரயோலைட்டில் சுமார் 70க்கு மேல்.

சூடு கூடினால் வெடிப்பும் கூடும் என்பது

தலைகீழ். வழியும் பசால்ட் 1100–1200 டிகிரி செல்சியஸ், ரயோலைட் 700–850.

மாக்மா, லாவா

உள்ளே மாக்மா, வெளியே லாவா.

காட்டப் பாறை இல்லை என்பது

டெல்டா முழுக்க வண்டல்தான். ஆனால் வீட்டில் புள்ளி புள்ளியான கிரானைட் அம்மி இருக்கும். ரயோலைட்டின் அதே கலவை, வெளியே வராமல் ஆழத்திலேயே மெல்ல ஆறியது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கண்ணாடித் துண்டுபோல மின்னுவது குவார்ட்ஸ்.